வீட்டுக்கு ஏர் கம்ப்ரசர் வாங்கியவருக்கு: முதலில் டேங்கைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு பட்டறையை மூடும்போது விற்ற 50 லிட்டர், 1 எச்பி பெல்ட் கம்ப்ரசரை ஒருவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பைக், கார் டயருக்குக் காற்று அடிக்க வேண்டும், ஏசி ஃபில்டர், கம்ப்யூட்டர் தூசியை ஊத வேண்டும், பழைய மர அலமாரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

வைத்துக்கொள்ளலாம். பஞ்சர் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் வருடக்கணக்காக ஓடுகிற சாதனம்தான், பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை ஓட்டவே கூடாது. வீட்டில் எல்லாரும் மோட்டாரையும் கரண்டையும்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். கரண்டும் ஆபத்துதான், ஆனால் பிளக்கைப் பிடுங்கினால் அது போய்விடும். டேங்கில் அடைத்த காற்று பிளக்கைப் பிடுங்கிய பிறகும், நீங்கள் தூங்கப் போன பிறகும், மறுநாள் காலையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

எவ்வளவு சக்தி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லிட்டர் டேங்க், 8 கிலோ பிரஷர் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 114). அந்தக் காற்று ஒரே நொடியில் வெளியே வந்தால் வெளிப்படும் சக்தி சுமார் 30 கிலோ ஜூல். ஒரு டன் எடையுள்ள காரை வீட்டின் ஒரு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் என்ன அடி விழுமோ அவ்வளவு. டேங்கின் இரண்டு முனைகளிலும் மூடி மாதிரி வெல்டிங் செய்திருக்கும் பாகத்தைப் பாருங்கள். அதன் விட்டம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோ பிரஷரில் உள்ளேயிருந்து அந்த ஒரு மூடியை மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும் விசை ஐந்தரை டன்னுக்கு மேல். நல்ல டேங்க் இதைச் சுலபமாகத் தாங்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். பட்டறையில் பல வருடம் கிடந்து உள்ளே துருப்பிடித்த டேங்க் தாங்குமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

துரு ஏன் உள்ளே பிடிக்கிறது என்றால், நாம் அடைப்பது வெறும் காற்று இல்லை, அதோடு நீராவியும் சேர்ந்துதான் போகிறது. நம்ம ஊரில் 30 டிகிரி வெயிலில், ஓரளவு புழுக்கமான நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். அதையே 8 கிலோவுக்கு அழுத்தி மறுபடி ஆறவிட்டால் மூன்று நான்கு கிராமுக்கு மேல் நீராவியாக நிற்க முடியாது, மீதியெல்லாம் தண்ணீராக டேங்கின் அடியில் இறங்கிவிடும். உங்கள் 1 எச்பி மெஷினில் ஒரு மணி நேரம் பெயிண்ட் அடித்தால் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் அடியில் சேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும், கடலோர ஊர்களில் எந்த மாதமும் கூடும். அதை வெளியேற்றத்தான் டேங்கின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, டிரெய்ன் காக் என்பார்கள். நிறையப் பேர் அதை ஒரு தடவை கூடத் திறப்பதில்லை, திறக்க முயன்றால் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். வெளியே பளபளவென்று நீலப் பெயிண்ட், உள்ளே அடிப்பக்கத் தகடு வருடா வருடம் மெலிந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அதனால் பழைய டேங்க் வாங்கினவர், அதை முதல் தடவை ஓட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். டேங்கில் ஒரு தகடு ஒட்டியோ பொறித்தோ இருக்கும்: எவ்வளவு பிரஷர் வரை ஓட்டலாம், எந்த பிரஷரில் டெஸ்ட் செய்தது, எந்த வருடம் செய்தது என்று. அந்தத் தகடே இல்லை என்றாலோ, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். டேங்கின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்: வெல்டிங் ஒட்டு, எம்-சீல் பூச்சு, ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், அடிபட்ட நெளிவு, இதில் எது இருந்தாலும் அந்த டேங்க் வேண்டாம். பிறகு டிரெய்ன் காக்கைத் திறந்து என்ன வருகிறது என்று பாருங்கள். கொஞ்சம் மங்கலான தண்ணீர் வந்தால் வழக்கம்தான். செங்கல் நிறத்தில் குழம்பாகத் துரு வந்து, அதில் செதில் செதிலாக இரும்பு உரிந்து வந்தால் அந்த டேங்கை நம்ப முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு ஹைட்ரோ டெஸ்ட் செய்யாமல் பழைய டேங்கை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி கொஞ்சமும் இல்லாமல் பார்த்து, கைப் பம்பால் வேலை பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 8 கிலோ டேங்குக்கு 12 கிலோ வரை ஏற்றிப் பார்ப்பது. தண்ணீர் அழுத்தினால் சுருங்காது, அதனால் அதில் சக்தி தேங்குவதில்லை. டேங்க் விட்டுப்போனால் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிவிட்டு உடனே பிரஷர் இறங்கிவிடும். இதையே காற்றை வைத்து டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள், டேங்க் விட்டுப்போனால் மேலே சொன்ன அந்த அடி அங்கேதான் விழும். கோவையில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. கம்ப்ரசர் செய்யும் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் (ELGI) 1960 இல் தொடங்கியதே அந்த ஊரில்தான், கம்ப்ரசர் வேலை தெரிந்தவர்கள் அங்கே நிறைய. மற்ற ஊர்களிலும் கம்ப்ரசர் சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

டேங்கில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து காற்று கசிகிறது என்று வையுங்கள். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் ஒரு பொட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பார். தயவுசெய்து வேண்டாம். ஒரு இடத்தில் துரு தகட்டைத் துளைத்துவிட்டது என்றால் அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்துபோயிருக்கும் என்று அர்த்தம். அதன் மேல் வெல்டிங் சூடும் பட்டால் ஓட்டை மூடும், பக்கத்துத் தகடு இன்னும் பலவீனமாகும். அந்தச் சின்னக் கசிவு உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. டேங்கை மாற்றுங்கள், மோட்டாரையும் ஹெட்டையும் (காற்றை அழுத்தும் பகுதி) புது டேங்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, டேங்க் தேறிவிட்டது. அடுத்து அதைக் காவல் காக்கும் மூன்று சாமான்கள்: பிரஷர் ஸ்விட்ச், கேஜ் (அழுத்தத்தைக் காட்டும் முள் மீட்டர்), சேஃப்டி வால்வ். ஸ்விட்ச் 8 கிலோ வந்ததும் மோட்டாரை நிறுத்தும், 6 கிலோ பக்கம் இறங்கியதும் மறுபடி ஓடவிடும். அது கெட்டுப்போய் நிறுத்தாமல் விட்டால், கடைசியாக நம்மைக் காப்பாற்றுவது சேஃப்டி வால்வ், ஒரு சின்ன வளையம் தொங்கும் பித்தளைச் சாமான். முதல் தடவை ஓட்டும்போது பக்கத்திலேயே நின்று கேஜைப் பாருங்கள். 8 இல் நிற்கவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு ஸ்விட்சை மாற்றுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை, டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போது, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வளையத்தை இழுத்துப் பாருங்கள்: சீறிக்கொண்டு காற்று வர வேண்டும், விட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். வரவில்லை என்றால் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதுசு போடுங்கள், அதே அளவு பார்த்து. காற்று வீணாகக் கசிகிறது என்று சேஃப்டி வால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கியிருப்பதைப் பழைய மெஷின்களில் பார்க்கலாம். உங்களுடையதில் அப்படி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கேஜுக்கு ஒரு எளிய சோதனை: காற்றை முழுக்க இறக்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் அந்தக் கேஜ் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். அப்புறம், ஸ்விட்சுக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் 10 கிலோ வரை ஏற்றலாம் என்று யாராவது காட்டிக்கொடுப்பார்கள். வீட்டு வேலை எதற்கும் 10 கிலோ தேவையில்லை. கார் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ, அதாவது இரண்டரை கிலோவைத் தாண்டாது. ஸ்ப்ரே கன்னுக்கு இரண்டு, மூன்று கிலோ.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆகையால் 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் சரியாக உள்ள சாக்கெட், அந்த லைனில் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சாதனம்) இருந்தால் ரொம்ப நல்லது. மிக்ஸிக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்ரசரைச் செருகாதீர்கள், வோல்டேஜ் இறங்கி மோட்டார் கிளம்பாமல் உறுமும், ஒயர் சூடேறி உருகும். தூரமாக வேலை செய்ய வேண்டும் என்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள். அணைக்கும்போது பிளக் ஸ்விட்சை அணைக்காமல் மெஷின் மேலே உள்ள பிரஷர் ஸ்விட்சின் குமிழை அணைப்பது முறை. அப்போது ஒரு நொடி "புஸ்" என்று சத்தம் கேட்கும், ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் நிற்கும் காற்று இறங்குகிற சத்தம். அது இறங்காமல் இருந்தால் அடுத்த தடவை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பத் திணறும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரியக்கூட எரியும்.

பெல்ட் மெஷின் என்பதால் ஒன்று: மேலே கம்பி வலை மூடி இருக்க வேண்டும். பழைய மெஷின்களில் முதலில் காணாமல் போவது இதுதான். காற்று இறங்கினால் மோட்டார் தானாகக் கிளம்பும், கரண்ட் போய் வந்தாலும் தானாகக் கிளம்பும், அந்த நேரம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையின் விரலோ உங்கள் வேட்டி நுனியோ இருந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வலை மூடி இல்லாமல் வீட்டில் ஓட்டவே வேண்டாம். ஹெட்டும் அதிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயும் கொஞ்ச நேரம் ஓடினாலே கையைச் சுட்டுவிடும் சூட்டில் இருக்கும். இவ்வளவு சின்ன மெஷினை விடாமல் ஓட்டாதீர்கள், ஓடுகிற நேரத்துக்குச் சமமாக ஓய்வும் கொடுங்கள். எண்ணெய் கண்ணாடியில் பாதி வரை இருக்கட்டும், கம்ப்ரசர் ஆயிலே ஊற்றுங்கள்.

இனி நான் ரொம்ப அக்கறையோடு சொல்ல வேண்டிய இடம். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்கள். ஏர் கன்னை, அதாவது ஹோஸ் நுனியில் மாட்டிக் காற்று ஊதும் கருவியைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் விளையாட்டுத் தோன்றும். முடியைப் பறக்கவிடுவது, சட்டைக்குள் ஊதுவது, ஒருவர் மேல் ஒருவர் அடித்துச் சிரிப்பது. மனித உடம்பு இந்த அழுத்தத்துக்கு ஆனதே இல்லை. காதுச் சவ்வு சுமார் 5 பிஎஸ்ஐயில் கிழியலாம். குடல் அதைவிடக் குறைவாக, 4 பிஎஸ்ஐ பக்கமே கிழியத் தொடங்கும். உங்கள் டேங்கில் இருப்பது 114. 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு வாகன சர்வீஸ் மையத்தில், காற்று ஊதும் கருவியால் நண்பர் விளையாட்டாகப் பின்பக்கம் காற்றடித்ததில் ஒரு இளைஞர் குடல் சிதைந்து சில நாட்களில் இறந்துபோனார். தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் இதே மாதிரி சாவுகள் நம் நாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கொல்ல நினைத்துச் செய்யாத இடத்திலும் உயிர் போயிருக்கிறது. துணிக்கு மேல்தானே ஊதினேன் என்பார்கள், துணி எதையும் தடுப்பதில்லை.

தோல் வழியாகவும் போகும். 2011 இல் நியூசிலாந்தில் ஒரு லாரி ஓட்டுநர் கால் தவறி ஏர் ஹோஸ் இணைப்பின் மேல் விழுந்தார். பித்தளை முனை பின்புறத்தில் குத்தி, சுமார் 100 பிஎஸ்ஐ காற்று தோலுக்கு அடியில் புகுந்து உடம்பே பலூன் மாதிரி உப்பிவிட்டது. நல்லவேளையாகக் கூட வேலை செய்தவர்கள் காற்றை நிறுத்தியதால் பிழைத்தார். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது அந்தக் கையால் ஏர் கன்னின் முனையைப் பொத்திப் பார்ப்பது, வேலை முடிந்ததும் உடம்பில் ஒட்டிய தூசியைக் காற்றடித்துத் தட்டிக்கொள்வது, இரண்டும் இந்த ஆபத்தை அழைப்பவை. இரண்டாவதை எல்லாப் பட்டறையிலும் செய்கிறார்கள், வழக்கம் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் சாமான்களைச் சுத்தம் செய்யவே 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்றை விடக்கூடாது என்று இருக்கிறது, அதுவும் தூசி சிதறித் தெறிக்காத தடுப்பும் கண் பாதுகாப்பும் இருந்தால்தான். 2025 வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948 பிரஷர் சாதனங்களைப் பற்றிப் பேசியது, ஆனால் அது தொழிற்சாலைக்கு. வீட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்.

யாருக்காவது காற்று உடம்புக்குள் போய்விட்டது, தோல் உப்பியிருக்கிறது, தொட்டால் உள்ளே நறநறவென்று இருக்கிறது, அல்லது வயிறு உப்பி வலிக்கிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108 ஐக் கூப்பிடுங்கள், கம்ப்ரசர் காற்று போனது என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதை மறைப்பதால் வீணாகும் நேரம்தான் பல பேருக்கு எமனாகிறது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் என் யோசனை இதுதான். வேலை முடிந்த ஒவ்வொரு தடவையும் டேங்கைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள், டிரெய்ன் காக்கைத் திறந்தே வையுங்கள். தண்ணீரும் போகும், தேங்கிய சக்தியும் போகும், அதற்குப் பிறகு அது வெறும் இரும்பு. ஆனால் ஒரேயடியாக முழுக்கத் திறக்காதீர்கள், ரெகுலேட்டர் (ஹோஸுக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வழியாகப் பெரும்பகுதியை விட்டுவிட்டு, கடைசிக் கொஞ்சத்தை அடித் திருகு வழியாக மெதுவாக விடுங்கள், முகத்தை அதற்கு நேரே வைக்காமல். ஏர் கன்னைக் கழற்றி உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். அடுத்த நாள் மறுபடி காற்று ஏற்ற சில நிமிடம்தான் ஆகும், அந்தச் சில நிமிடத்துக்காக இரவெல்லாம் நிறைந்த டேங்கை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஊதுகிற வேலைக்குக் கண்ணாடி கட்டாயம், சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடியது வேண்டும். காதுக்கு ஒரு பிளக் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை ஊதும்போது ரெகுலேட்டரை இரண்டு கிலோவுக்கு இறக்கி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். டேங்கில் தண்ணீர் இருந்தால் அது மதர்போர்டில்தான் போய் விழும், முதலில் இறக்கிவிடுங்கள். பைக் பிரேக் டிரம்மைத் திறந்து அந்தத் தூசியை மட்டும் ஊதவே ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சைக்கிள் ட்யூபுக்குக் கம்ப்ரசரை நேராக வைத்தால் இரண்டு மூன்று நொடியில் வெடித்துவிடும். அளவு பார்க்கும் கேஜோடு வரும் டயர் கன் வாங்கி, விட்டு விட்டு அடியுங்கள். லாரி, டிராக்டர் டயர், அதுவும் ரிம்மில் இரும்பு வளையம் கழன்று வருகிற வகை, வீட்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அந்த வளையம் தெறித்து ஆள் செத்திருக்கிறார்கள், அதற்குக் கூண்டு வைத்திருக்கும் கடை வேண்டும்.

பெயிண்ட் விஷயம் தனி. அலமாரிக்கு என்சி லாக்கர் அடித்தாலும் மெலமைன் பாலிஷ் அடித்தாலும் காற்றில் நிறைவது தின்னர் ஆவி, அது தீப்பற்றும். பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு தடவை போட்டு அணையும்போதும் உள்ளே ஒரு பொறி பறக்கிறது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரசர் ஒரு பக்கம், பெயிண்ட் வேலை பத்து மீட்டர் ஹோஸ் தள்ளி, மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ. பக்கத்தில் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, பீடி எதுவும் வேண்டாம். மூக்கில் கட்டும் துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது, ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள் என்று திட்டமாகவே சொல்வேன். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை வரவழைக்கும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையைப் பெயிண்டிங் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஹோஸும் இணைப்பும். ஹோஸில் அச்சடித்திருக்கும் பிரஷர் அளவு உங்கள் டேங்கைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும், தோட்டத்துத் தண்ணீர் ட்யூபைக் காற்றுக்குப் போடக்கூடாது. காற்று உள்ளே இருக்கும்போது இணைப்பு கழன்றால் ஹோஸ் சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும், பித்தளை நுனி முகத்தில் பட்டால் பல்லும் போகும் கண்ணும் போகும். கழற்றுவதற்கு முன் ஹோஸில் உள்ள காற்றை கன் வழியாக விட்டுவிட்டு, நுனியை இறுக்கிப் பிடித்துக் கழற்றுங்கள். பைப் லைன் இழுக்கிறவர்கள் பிவிசி பைப் போடலாமா என்று கேட்பார்கள். போடக்கூடாது. பைப்பின் மேல் 10 கிலோ என்று அச்சடித்திருப்பது தண்ணீருக்கு. காற்று நிறைந்த பிவிசி உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி நாலாபுறமும் தெறிக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 1988 இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இரும்பு பைப்போ காற்றுக்கென்றே செய்த ஹோஸோ போடுங்கள்.

கம்ப்ரசர் வாங்காமலேயே செய்துகொள்ளலாம் என்று பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரையும் காலி கேஸ் சிலிண்டரையும் அல்லது பெரிய பிவிசி பைப்பையும் சேர்த்து வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், உங்களுக்கும் யாராவது வீடியோ காட்டுவார்கள். ஃப்ரிட்ஜ் மோட்டார் சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று தோன்றும். மெதுவாகத்தான் ஏற்றும், ஆனால் நிறுத்த ஸ்விட்ச் இல்லை என்றால் 20 கிலோவைத் தாண்டியும் ஏற்றும். அந்தச் சிலிண்டருக்கு அடியில் தண்ணீர் இறக்க வழியில்லை, உள்ளே பழைய கேஸ் மிச்சமிருக்கும், அதில் வெல்டிங் வைக்கும்போதே வெடிக்கலாம். திறமையான பையன்கள் ஆசையாகச் செய்வது இது, அதனாலேயே எனக்கு இதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இன்னொன்று, ஏசி மெக்கானிக் வந்து உங்கள் கம்ப்ரசரைக் கொடுங்கள், பைப்பில் லீக் பார்க்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ஏசி லைனில் உலர்ந்த நைட்ரஜன்தான் விட வேண்டும். காற்று விட்டால் ஈரமும் போகும், உள்ளே உள்ள எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து எரியவும் வாய்ப்புண்டு. வெல்டிங் ஆக்சிஜன் விட்டால் நிச்சயமாக உயிராபத்து. அதே போல, கிணற்றில் இறங்குகிறவருக்கு மூச்சுவிட இந்த ஹோஸைக் கொடுக்காதீர்கள். இந்தக் காற்றில் எண்ணெய்ப் புகையும் துருவும் இருக்கும், சுவாசிக்க ஆனது இல்லை.

இவ்வளவு படித்த பிறகு, எனக்கு டயருக்குக் காற்று அடிப்பது மட்டும்தான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் எப்போதோ ஒரு தடவை என்று தோன்றினால், காரின் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன இன்ஃப்ளேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் டேங்கே இல்லை, அணைத்தால் அதோடு முடிந்தது. மெதுவாக அடிக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ரே வேலை நிஜமாகவே தொடர்ந்து இருக்கிறவர்களுக்குத்தான் 50 லிட்டர் டேங்க் வீட்டில் நியாயம்.

டெஸ்ட்டில் டேங்க் தேறவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள், அங்கிருந்து வேறு யாராவது பெயிண்ட் அடித்து விற்க வாங்கிப் போவார்கள். காற்றை முழுக்க இறக்கி, டிரெய்ன் காக்கையும் சேஃப்டி வால்வையும் கழற்றிவிட்டு, டேங்கின் நடுவில் டிரில் மெஷினால் இரண்டு மூன்று பெரிய ஓட்டை போட்டுக் கொடுங்கள்.